சார் மூடு எப்படி, டீச்சர்?

அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். ஆனால் அரசாங்கத்தை எங்களில் யாரும் நேரில் பார்த்ததில்லை. எங்கள் தாலுகாவில் நாங்கள் பார்த்ததெல்லாம் சார்நிலைக் கருவூலத்துக் கண்காணிப்பாளரைத்தான். தலைமையாசிரியர் பில்லை அனுப்புவார். கருவூலத்தில் கணக்கர் சரிபார்த்ததும் கண்காணிப்பாளர் ஒருமுறை துருவுவார். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பாஸ். ஓர் அரசாணை எண் தப்பியிருந்தாலும் ஆப்ஜெக்‌ஷன் போட்டுத் திருப்பிவிடுவார். அந்தக் கண்காணிப்பாளர் என் வீட்டுக்காரர். திரும்பி வரும் பில்களில் என் பள்ளியின் பில்லும் இருக்கும்.

நான் இந்தப் பள்ளிக்கு மாறுதலில் வந்தபோது, கருவூலத்தில் நமக்கு ஆள் இருக்கு என்று ஸ்டாஃப் ரூமில் ஒரே சந்தோஷம். அந்த ஆளுக்கு நாற்பத்தெட்டு வயதில் வாழ்க்கை வெறுத்துப் போகும் என்று யார் கண்டார்கள்?

அவர் பிறந்தது 1972. வெறுத்தது 2020. அந்த வருஷம் வெறுப்பதற்கு உலகம் முழுவதும் காரணம் இருந்தது என்றாலும், அரசு ஊழியருக்குத் தனியாகச் சிலவற்றைக் கோட்டையிலிருந்து அனுப்பி வைத்தார்கள். ஏப்ரல் கடைசியில் அகவிலைப்படி உயர்வு நிறுத்தம். கூடவே ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பணம் வாங்குவதும் நிறுத்தம். மே 7-ஆம் தேதி ஓய்வு பெறும் வயது 58-லிருந்து 59. சக ஊழியர்களில் பாதிப் பேர் ஒரு வருஷச் சம்பளம் கூடியது என்று குதித்தார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "பத்து வருஷந்தான்னு நெனச்சிருந்தேன். பதினொண்ணாம்லா."

அடுத்த பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. "போன வருசம் முழுசா வேலை பாத்திருக்கேன். பாக்கி இன்னும் அதே பதினொண்ணுல நிக்கி. இது என்ன கணக்கு, நீ கணக்கு டீச்சர்தானே, சொல்லு." கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

முதல் அறிகுறி வீட்டில் தெரியவில்லை, ஆபீசில்தான் தெரிந்தது. அவர் பில்களைத் திருப்புவதை நிறுத்திவிட்டார். இருபத்துநாலு வருஷ சர்வீசில் ஒருவரிடம் ஒரு டீ வாங்கிக் குடிக்காதவர், ஒரு கூட்டல் பிழையை மன்னிக்காதவர், திடீரென்று வருவதெல்லாவற்றையும் பாஸ் பண்ண ஆரம்பித்தார். வெளியாட்கள் நினைப்பார்கள், மற்ற அலுவலகங்களுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும் என்று. இல்லை. பயந்துபோனார்கள். கருவூலம் ஒரு பில்லைக் கேள்வியே கேட்காமல் பாஸ் பண்ணினால், நாளைக்குத் தணிக்கையில் மாட்டப்போவது பில் போட்டவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், நம்ம அரியர் பில்லுல ரெண்டு தப்பு இருந்துச்சு. சார் திருப்பவே இல்ல. வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். ஒரு குடும்பத்தின் நிலவரத்தை அரியர் பில்லை வைத்துக் கண்டுபிடிக்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

நான் போய்க் கேட்டதற்கு, "ஒரு கமா விட்டுப் போச்சுன்னு ஒருத்தன் சம்பளத்த நிறுத்தி வச்சு, நான் என்னத்தச் சாதிச்சேன்?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தத்துவம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அடுத்த கட்டத்தில் எல்லா பில்லையும் திருப்பினார். "நான் இல்லன்னா இந்த ஆபீஸ் என்னாகும்னு பாக்காங்களா? பாக்கட்டும்." பழைய தவறுகளோடு புதிய தவறுகளையும் கண்டுபிடித்தார். பயணப்படிப் பட்டியலில் பேருந்து நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் உள்ள தூரத்தைத் தானே போய் அளந்துவிட்டு வந்து ஆப்ஜெக்‌ஷன் எழுதினார். அப்போது ஆரம்பித்ததுதான் அந்தக் கேள்வி. பள்ளி திறந்திருந்தால் ஸ்டாஃப் ரூமில், மூடியிருந்தால் வாட்ஸ்அப்பில்: "சார் மூடு எப்படி, டீச்சர்?" என் சக ஆசிரியர்கள் பில் அனுப்புமுன் வானிலை கேட்டுக்கொண்டார்கள். தமிழம்மா ஒருவர் தன் பி.எஃப். முன்பணப் பட்டியல் பாஸ் ஆகும் வரை தினமும் எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தார். "நீங்க சந்தோஷமா இருந்தாத்தானே சார் சந்தோஷமா இருப்பாரு?" என்று விளக்கமும் சொன்னார்.

இதற்கு நடுவில் உடம்பைத் தேற்றும் காண்டம் ஒன்று ஓடியது. பேலியோ டயட். தமிழ்நாட்டில் நாற்பதைத் தாண்டிய ஆண்களிடம் அந்த வருஷங்களில் அது எப்படிப் பரவியிருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலைச் சாப்பாட்டுக்கு 100 பாதாம். ராத்திரியே ஊறவைத்து, எண்ணி, டப்பாவில் போட்டு ஆபீசுக்குக் கொண்டு போவார். பணம் எண்ணும் அலுவலகத்தில் பாதாமையும் எண்ணித்தான் வைக்க வேண்டும். ஆனாலும் ஒரு கண்காணிப்பாளரின் மேஜையில் திறந்திருக்கும் டப்பாவைக் கடந்து போகிற ஒவ்வொருவரும் இரண்டு எடுத்தால் என்ன ஆகும்? நண்பகலில் கணக்கு இடிக்கும். மாலையில் வந்து என்னிடம், "இன்னைக்கு முப்பத்தாறு குறையுது" என்பார். கருவூலத்தில் அவர் கையாண்ட கோடிகளில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. பாதாம் மட்டும் கடைசிவரை டேலி ஆகவில்லை.

ஓட்டம், புல்லட், இளையராஜா பாட்டு வாசிக்கக் கீபோர்டு வகுப்பு, இவையெல்லாம் வந்து போயின. நீங்கள் வேறெங்காவது படித்திருப்பீர்கள், நான் விவரிக்கப்போவதில்லை. புல்லட் மட்டும் முதுகுவலியாகி, முதுகுவலி மருத்துவ விடுப்பாகி, விடுப்பு விண்ணப்பம் அவர் மேஜைக்கே போய்ச் சேர்ந்து, இணைப்பில் தகுதிச் சான்று இல்லை என்று அவரே கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வீட்டில் நோயைக் கண்டுபிடிக்க இரண்டு மருத்துவர்கள் இருந்தார்கள். ஒருவர் என் அத்தை, அதாவது அவர் அம்மா. "ஏட்டி, அவனுக்கு மகர ராசி. ஜென்மச் சனி நடக்கு. ஸ்ரீவைகுண்டத்துல போய் எள்ளு விளக்கு போட்டுட்டு வாங்க" என்றார். நவகைலாயத்தில் சனிக்கு உரியது ஸ்ரீவைகுண்டம்; எங்களுக்குப் பக்கம், தாமிரபரணிக் கரையோடு போய்விடலாம். போனோம். விளக்கும் போட்டோம். வரும் வழியில் அவர் கோயில் ரசீதில் ஒரு கூட்டல் பிழை இருப்பதாகச் சொன்னார்.

இன்னொருவர் சென்னையில் உளவியல் படிக்கும் என் மகள். அவள் போனில் சொன்னாள்: "அம்மா, இதுக்குப் பேரு மிட்லைஃப் க்ரைசிஸ்." யார் வைத்த பேர் என்று கேட்டதற்கு எலியட் ஜாக் என்பவரைப் பற்றி அனுப்பினாள். கனடாவில் பிறந்து லண்டனில் வேலை பார்த்த உளப்பகுப்பாய்வாளர். சாவும் நடுவயது நெருக்கடியும் பற்றி 1965-இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். முந்நூற்றுச் சொச்சம் ஓவியர்கள், இசைக்காரர்கள், எழுத்தாளர்களின் வாழ்க்கையைப் பார்த்து, முப்பத்தைந்து வாக்கில் ஆளுக்கு ஆள் ஏதோ உடைகிறது என்றார். இத்தனை நாள் ஏறிக்கொண்டே இருந்தோம், இனி இறக்கம், இறக்கத்தின் முடிவில் சாவு என்று அப்போதுதான் உறைக்கிறதாம். அவர் பிறந்தது 1917. கட்டுரை வெளிவந்தபோது அவருக்கும் வயது நாற்பத்தெட்டு.

என்னைக் கவர்ந்தது வேறு விஷயம். அந்த மனிதரின் இன்னொரு தொழிலே அலுவலக வேலைதான். லண்டனில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பது நியாயம் என்று ஆராய்ந்திருக்கிறார். ஓர் ஆளை மேலதிகாரி எட்டிப் பார்க்காமல் எவ்வளவு காலத்துக்கு அவர் பொறுப்பில் விட்டுவைக்கலாமோ, அந்தக் காலம்தான் அந்த வேலையின் கனம் என்பது அவர் கண்ட அளவுகோல். அந்த அளவுகோலை நான் வீட்டில் வைத்துப் பார்த்தேன். 2021 மத்தியில் என் வீட்டுக்காரரை அதிகபட்சம் ஒரு மத்தியானம் தனியாக விடலாம் என்று வந்தது. அதற்குமேல் விட்டால் ஆன்லைனில் எதையாவது ஆர்டர் செய்துவிடுவார்.

மகள் அடுத்து அனுப்பியது எனக்குப் பாடமாகவே இருந்தது. டேவிட் பிளாஞ்ச்ஃப்ளவர் என்ற பொருளாதார அறிஞர் உலகம் பூராவும் எடுத்த கணக்கெடுப்புகளைச் சேர்த்து, வயதைக் கிடைமட்டத்திலும் மகிழ்ச்சியைச் செங்குத்திலும் வைத்து வரைந்தால் ஆங்கில யூ எழுத்து வருகிறது என்றார். பத்தாம் வகுப்பில் நான் வருஷா வருஷம் போர்டில் வரையும் பரவளையம். இளமையில் மேலே, நடுவில் பள்ளம், அறுபதுக்கு மேல் மறுபடி மேலே. அதன் முனை எங்கே? 2020-இல் அவர் வெளியிட்ட கணக்கில், வளர்ந்த நாடுகளில் 47.2 வயது, வளரும் நாடுகளில் 48.2. நான் காலண்டரைப் பார்த்தேன். தசம ஸ்தானம் உட்பட என் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண். அவருக்கு முழுசாகப் போட்டிருப்பேன்.

இன்னொரு ஆராய்ச்சியும் உண்டு. 2012-இல் வந்தது. 508 சிம்பன்சிகள், ஒராங்குட்டான்களை வைத்துப் பார்த்ததில் அவற்றுக்கும் நடுவயதில் இதே பள்ளம் இருக்கிறதாம். குரங்கிடம் மகிழ்ச்சியைப் பற்றிக் கேள்வித்தாள் நீட்ட முடியாது அல்லவா? அதனால் அவற்றைப் பராமரிக்கிறவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். இது சரியான முறை என்பது என் கருத்து. மனித ஆண்கள் விஷயத்திலும் பராமரிப்பாளர்களிடம் கேட்டிருந்தால் பிளாஞ்ச்ஃப்ளவருக்கு இவ்வளவு நாடுகள் தேவைப்பட்டிருக்காது.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இப்படியெல்லாம் வர முடிந்ததற்குக் காரணம் அவர் 1996-இல் வேலைக்குச் சேர்ந்தது. பழைய ஓய்வூதியம். நான் 2005-இல் சேர்ந்தவள். 2003 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வந்தவர்களை எல்லாம் பங்களிப்பு ஓய்வூதியத்தில் போட்டுவிட்டார்கள். அந்த வகையில் எனக்கு அப்போது வாழ்க்கை வெறுக்க நிதி ஆதாரம் இருக்கவில்லை. சென்னையில் சாஃப்ட்வேரில் இருக்கிற என் தம்பிக்கு இன்னும் மோசம். அவனுக்கு நாற்பத்தாறில் ஒரு வெறுமை வந்து அதை மேனேஜரிடம் மனம் விட்டுச் சொன்னான். அவர்கள் மிகவும் கனிவாகக் கேட்டுக்கொண்டு, வெறுமையை நிதானமாக அனுபவிக்க முழு நேரத்தையும் அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். அரசாங்க அலுவலகத்தை யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஒரு மனிதன் இரண்டு வருஷம் தன் ஆன்மாவைத் தேடிவிட்டு வந்து பார்த்தால் நாற்காலி அங்கேயேதான் இருக்கும்.

ஆனால் இவர் அந்த நாற்காலியையே விடுகிறேன் என்றார். பதவி உயர்வுப் பட்டியலில் பேர் வரும் நேரம். "எனக்கு ப்ரமோஷன் வேண்டாம். வீ.ஆர்.எஸ். குடுத்துட்டு அப்பா நிலத்துல இயற்கை விவசாயம்." விதிப்படி 50 வயது ஆகியிருக்க வேண்டும் அல்லது 20 வருஷம் சர்வீஸ் முடித்திருக்க வேண்டும், மூன்று மாத நோட்டீஸ். சர்வீஸ் தகுதி அவரிடம் எப்போதோ இருந்தது. அப்பா நிலம் என்பது குத்தகைக்கு விட்ட முக்கால் ஏக்கர் வாழைத் தோட்டம். குத்தகைக்காரர் இந்தச் செய்தியைக் கேட்டு என்னிடம் வந்து, "சாருக்கு ஒடம்புக்கு என்னம்மா?" என்று விசாரித்துவிட்டு ஒரு தார் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் தடுக்கவில்லை. எழுதுங்கள் என்றேன். ஏனென்றால் எனக்கு அவரைத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து கடிதம் எழுதினார். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு. திங்கள்கிழமை காலையில் படித்துப் பார்த்தவர், பார்வையில் காட்டிய அரசாணைக்கு ஒரு திருத்த ஆணை இருப்பது விட்டுப்போயிருக்கிறதே என்று மூடி வைத்தார். அதைச் சேர்த்ததும் தகுதியுள்ள பணிக்காலத்தில் ஊதியமில்லா விடுப்பைக் கழித்தீர்களா என்று ஒரு சந்தேகம். அதைக் கழித்ததும் பணிப்பதிவேட்டில் ஒரு வருஷம் சரிபார்ப்புக் கையெழுத்து இல்லை என்று தெரிந்தது. அது அவர் பழைய அலுவலகத்தில் வாங்க வேண்டியது. இப்படித் தன் விருப்ப ஓய்வுக் கடிதத்துக்குத் தானே ஆப்ஜெக்‌ஷன் போட்டுத் தனக்கே திருப்பிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் இத்தனை முறை திருப்பப்பட்ட வேறு காகிதம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

2022 ஜூலை வந்தது. ஓய்வூதியர் நேர்காணல். கொரோனாவால் இரண்டு வருஷம் விலக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரை மாநிலம் முழுவதும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்கள் தாங்கள் உயிரோடிருப்பதைக் கருவூலங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் வராந்தாவில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, பானையில் தண்ணீர் வைத்தார்கள். இவரை அந்த மேஜையில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். நான் பயந்தேன். சாவை நினைத்துக் கலங்கும் மனிதரை, வருகிறவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்று மூன்று மாதம் டிக் அடிக்க உட்கார வைப்பது எந்த மருத்துவத்தில் சேர்த்தி?

முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்தவர் சிரித்துக்கொண்டு வந்தார். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பாட்டி ஒருவர். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். வயது எண்பத்திரண்டு. இவர் தயங்கித் தயங்கிக் கேட்டாராம். பாட்டி கையெழுத்தைப் போட்டுவிட்டு, "ஆளு அம்பிட்டா சொல்லுதேன். நீயும் நாலு பேருட்ட சொல்லி வையி" என்றாராம்.

அப்புறம் தினமும் ஒரு கதை வந்தது. ஒருவருக்கு எழுபத்தொன்பது முடியப் போகிறது. துள்ளுகிறாராம். காரணம், 80 ஆகிவிட்டால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகத் தருவார்கள். 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50. நூறைத் தொட்டால் 100 சதவீதம், அதாவது இரட்டிப்பு. வயதாகிறதே என்று யாரும் அந்தப் பந்தலில் கவலைப்படவில்லை. இன்னும் ஆகவில்லையே என்றுதான் கவலை. ஓய்வு பெற்ற தலைமைக் காவலர் ஒருவர் தொண்ணூறுக்குப் பதினெட்டு மாதம் பாக்கி என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னாராம். ஐம்பதைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மேஜைக்கு இந்தப் பக்கம். எண்பத்தெட்டில் இன்க்ரிமென்ட்டுக்குக் காத்திருக்கிறவர் அந்தப் பக்கம். அந்தப் பந்தலில் நான் ஒரு நாள் போய் நின்று பார்த்தேன். கவுண்டருக்கு வெளியே வம்பு, சிரிப்பு, வெற்றிலை, யார் மகன் யாரைக் கட்டினான் என்ற தகவல். உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்த நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் எல்லோர் முகத்திலும் ஈ ஆடவில்லை. அளவுத்திட்டம் மட்டும்தான் எழுதவில்லை. மற்றபடி பரவளையம் அப்படியே இருந்தது.

அவர் ஞானம் பெற்றுவிட்டார் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். செப்டம்பர் கடைசியில் கடிதத்தை எடுத்து, பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டார். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. ஆகவே பதவி உயர்வை வாங்கிக்கொண்டால் கடைசிச் சம்பளம் கூடும். 2032-இல் ஓய்வு. 2052-இல் 80 வயது, 20 சதவீதம். அந்தத் தேதியைக் கிழமையோடு டைரியில் குறித்துக்கொண்டார். அது வெள்ளிக்கிழமையாம்; பில் அன்றைக்கே பாஸ் ஆகிவிடுமாம். பதவி உயர்வு மறு வருஷம் வந்தது. வேறு தாலுகாவுக்கு மாறுதல். புல்லட்டில்தான் போய் வருகிறார். எங்கள் பள்ளி பில்கள் இப்போது வேறொருவர் மேஜைக்குப் போகின்றன. அவருக்கு நாற்பத்தாறு வயதுதான் ஆகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அரியர் எதுவும் இருந்தால் சீக்கிரம் போட்டு வாங்கிவிடும்படி ஸ்டாஃப் ரூமில் சொல்லியிருக்கிறேன்.

இப்போது நேர்காணலை மாற்றிவிட்டார்கள். அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் செய்துகொள்ளலாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு விரல்ரேகை வாங்கிக்கொள்கிறார். முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓய்வூதியர்களே, கால் நன்றாக இருக்கிறவர்கள் தயவுசெய்து நேரில் வாருங்கள். உங்கள் உயிர்ச்சான்று உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கொஞ்சம் தேவைப்படுகிறது. ஆதார், பாஸ்புக், ஓய்வூதியப் புத்தகம் மூன்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், இல்லையென்றால் திருப்பிவிடுவார்கள்.